அப்பா பெயர் இல்லாத சான்றிதழ்

சிதம்பரநாதன் வீட்டில் விஸ்கி என்ற சொல் வாயிலிருந்து வரக் கூடாது. வாய்க்குள் போகலாம், அதற்குத் தடையில்லை.

தி.நகர் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருக்கு மூன்று மாடி ஜவுளிக்கடை. உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கைலியும் துண்டுமாக விற்கத் தொடங்கி, பட்டுப்புடவை வரை வளர்ந்த கடை. ராத்திரி ஷட்டரை இறக்கியதும் அவர் மூன்றாவது மாடிக்கு ஏறுவார். “கணக்குப் பாக்கணும்” என்பார். வேட்டிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ உண்டு. கணக்கு அதற்குள்தான் இருந்தது, பாதி காலியாக.

மகன் பாலகணேஷுக்குக் கணக்கு சனிக்கிழமைகளில், ஈசிஆர் பக்கம். உறவில் கல்யாணம் என்றால் மண்டபத்துக்குப் பின்னால் வரிசையாகக் கார் டிக்கிகள் திறந்திருக்கும். மாமாக்களும் சித்தப்பாக்களும் அங்கே பிளாஸ்டிக் டம்ளரும் மிக்சருமாக நின்றுவிட்டு, கடைசிப் பந்தி நேரத்தில் கிராம்பை மென்றபடி உள்ளே வந்து மணமக்கள் தலையில் அட்சதை போடுவார்கள். வீட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டு போகுமாம், அந்த மாதிரி நம்பிக்கை.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண்தான் அனுப்ரியா. விஸ்கிக்குப் பரீட்சை எழுதப் போனது அவள்தான்.

அவள் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தபோது சிதம்பரநாதன் மறுக்கவில்லை. ரிசப்ஷனில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தார். அவளும் அடையாறில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ரிசப்ஷனில்தான் சேர்ந்தாள். பிறகு மதுபானப் பிரிவுக்கு மாறினாள். என்னென்ன பாட்டில் வாங்குவது, எதை எந்த உணவோடு தருவது என்று பார்க்கிற வேலை. வீட்டில் “பர்ச்சேஸ்ல இருக்கேன்” என்றாள். அது பொய்யில்லை. எதை வாங்குகிறாள் என்று யாரும் கேட்காததற்கு அவள் என்ன செய்வாள்?

அந்தப் பிரிவில் மேலே போக வேண்டுமானால் விஸ்கி நிபுணர் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டு அமைப்பு ஒன்று அதைத் தருகிறது. சான்றிதழ் இல்லாவிட்டால் டெல்லியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கோட்டு போட்ட ஒருவர் வந்து தலைக்கு மேல் உட்காருவார். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் ஒருவருக்கு ஜலதோஷம் இல்லாத நாளிலும் மூக்கு வேலை செய்யாது. அந்த ஆளுக்கு இரண்டு வருஷம் “யெஸ் சார்” சொன்னதில் அவளுக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. பணம் கட்டிச் சேர்ந்துவிட்டாள்.

பரீட்சைக்கு மூன்று பகுதி. எழுத்து ஒன்று. பெயர் தெரியாத ஆறு கிளாஸ்களை மோந்தும் சுவைத்தும் எது என்னவென்று சொல்வது இரண்டாவது. மூன்றாவது, நடுவர்கள் முன்னால் நின்று பேசுவது. சுவைக்க வேண்டும், விழுங்கக் கூடாது. விழுங்கினால் மூன்றாவது கிளாஸிலேயே நாக்கு மரத்துவிடும். அதனால் துப்பப் பழக வேண்டும். மேலே தெறிக்காமல், மோவாயில் வழியாமல், ஒரே கோடாகத் துப்ப வேண்டும். அனுப்ரியா வீட்டுக் குளியலறையில் தண்ணீரை வைத்து அதைப் பழகினாள். அவள் அண்ணன் பாலகணேஷுக்குக் குடித்துவிட்டு வீட்டில் நடிக்கத் தெரியும். அவளுக்குக் குடிக்காமல் துப்பத் தெரியும். இரண்டில் எது மானக்கேடு என்று பின்னால் அந்த வீட்டில் ஒரு வழக்கே நடந்தது.

அவளோடு சேர்ந்து படித்தவன் அறிவு. அதே ஹோட்டலில் பார்டெண்டர், பட்டினப்பாக்கத்துப் பையன். மதிய நேரத்தில் பார் காலியாக இருக்கும்போது ஒருவருக்கொருவர் கிளாஸ் ஊற்றிவைத்துச் சோதித்துக்கொள்வார்கள்.

“எங்கம்மா மீன் கடையில குந்திக்கினு வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்லிக்கினு கீது, எம்புள்ள பாரின் சரக்குல டிகிரி பண்றான்னு” என்றான் அறிவு ஒரு நாள். “வவ்வால் மீனு வாங்க வந்த வாத்தியார் ஒருத்தரு எனக்கு ஆல் தி பெஸ்ட் சொல்லி அனுப்பிகீறாரு. உங்க வூட்ல இன்னா சொல்றாங்க அனு?”

“எங்க வீட்ல தெரியாது.”

“இன்னா இப்டி சொல்ற! இன்னும் எத்தினி நாளுக்கு?”

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டு ஆண்களைப் பார்த்துச் சிரிக்கிறோம், நாமும் ஒரு பீரோவுக்குப் பின்னால்தானே நிற்கிறோம் என்று தோன்றியது. பரீட்சை முடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

அவள் சொல்வதற்குள் ஊரே சொல்லிவிட்டது. ஹோட்டல்காரர்கள் அவள் கிளாஸுக்குள் மூக்கை விட்டிருக்கும் படத்தைப் போட்டு, ‘எங்கள் அனுப்ரியா சிதம்பரநாதன், விஸ்கி நிபுணர் தேர்வுக்குச் செல்கிறார், வாழ்த்துங்கள்’ என்று இணையத்தில் எழுதினார்கள். அது சுற்றிச் சுற்றி, சிதம்பரநாதன் தலைவராக இருக்கிற வியாபாரிகள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதன்கீழே கும்பிடுகிற கை போட்டு, ‘இது நம்ம தலைவர் மகளா? காலம் எங்கே போகிறது?’ என்று கேட்டிருந்தார். அந்தப் புண்ணியவானின் கார் டிக்கி எல்லாக் கல்யாணத்திலும் முதலில் திறக்கிற டிக்கி.

அன்று சிதம்பரநாதன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. போனை மேசையில் வைத்து மகளைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, இது நீதானா?”

“நான்தாம்பா.”

“கைல என்னது?”

“விஸ்கி.”

அந்தக் கூடத்தில் அந்தச் சொல் முதல்முறையாகச் சத்தமாக விழுந்தது. பாலகணேஷ் சோற்றில் கையை வைத்தபடியே இருந்துவிட்டான். அம்மா தேவானை ரசப் பாத்திரத்தோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

சிதம்பரநாதன் கத்தினார். முன்னோர் பெயர், கடையின் பெயர், அறுபடை வீடு எல்லாவற்றையும் இழுத்தார். அனுப்ரியா குறுக்கே பேசவில்லை. கத்தி முடிந்து தண்ணீர் குடித்தபோது, “நான் குடிக்கிறதில்லப்பா, துப்பிடுவேன்” என்றாள்.

“துப்புதாளாம்! அது ஒரு படிப்பாம்!”

“குடிக்கிறது ஒரு கணக்குன்னா, துப்புறது ஒரு படிப்பா இருக்கக் கூடாதா?”

பாலகணேஷ் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். புத்திசாலி.

சிதம்பரநாதன் நல்ல வியாபாரி. கத்தல் விலைபோகவில்லை என்றதும் பேரத்துக்கு இறங்கினார். வேலையை விட்டுவிடு என்றார். மாட்டேன் என்றாள். சரி, வேலை இருக்கட்டும், பரீட்சையை விட்டுவிடு என்றார். அதுவும் முடியாது என்றாள். அவர் போனை எடுத்து, மகள் பெயர் இருந்த வரியை மறுபடி படித்தார். பிறகு கடைசி விலையைச் சொன்னார்.

“என்னமும் எழுதித் தொலை. ஆனா எம் பேரு அதுல இருக்கப்படாது. நாளைக்கு சட்டம் போட்டு மாட்டுவியே ஒரு தாளு, அதுல சிதம்பரநாதன்னு ஒரு எழுத்து இருந்தா நான் சங்கத்துல தலை நிமிர முடியாது. எம் பேர எடுத்துட்டு வாங்கு. அம்புட்டுதான்.”

மற்ற இரண்டும் கோபத்தில் வந்தவை. இதை அவர் யோசித்துச் சொன்னார். அதுதான் வலித்தது. பள்ளிக்கூட நோட்டிலிருந்து பாஸ்போர்ட் வரை அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள். ‘சி’ என்ற எழுத்தை முதலில் போட்டுவிட்டுத்தான் தன் பெயரையே எழுதக் கற்றவள். அவர் விற்காமல் தங்கிய ஒரு சேலையைக் கழித்துவிடுவதுபோல அதைக் கழித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள். சான்றிதழில் பெயர் எப்படி வர வேண்டும் என்று பரீட்சைக்கு முன்பு இணையப் படிவத்தில் திருத்திக்கொள்ளலாம். முதலில் அப்பா பெயரை அழித்தாள். கடைசிப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால் ஏற்கவில்லை. ஒற்றை எழுத்துப் போட்டாலும் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் இன்ஷியல் என்று ஒன்று இருப்பது அந்த வெள்ளைக்காரக் கட்டத்துக்கு எங்கே தெரியும்? யாருடைய பெயராவது முழுசாக வேண்டும் என்று அது அடம்பிடித்தது.

தேவானை அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாதது புதிதில்லை. அந்த வீட்டில் அவள் பேச வேண்டியதை எல்லாம் குக்கர் பேசியது.

“அம்மா, உனக்கும் என்மேல கோவமா?”

“எனக்கு அந்த நாத்தமே ஆவாது” என்றாள் தேவானை. “கண்டாலே கொமட்டும். நீ அதுல போயி மூக்க விட்டுட்டு நிக்கத பாத்தா எனக்கு எப்பிடி இருக்கும்?”

அனுப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா சொன்னதுகூட இப்படிச் சுடவில்லை.

தேவானை நாரைக் கிள்ளிப் போட்டாள். “கல்யாணமான புதுசுல உங்கப்பா மிலிட்டரிக்காரன் கிட்ட வாங்கிக் குடிச்சாவ. ரம்மு. வெல்லப் பாகு தீஞ்சா ஒரு வாசன வரும் பாரு, அது. உங்கண்ணன் பொறந்தப்ப பிராந்திக்கு மாறுனாவ. கட மாடி எடுத்தம் பொறவு விஸ்கி. முதல்ல மட்டமானது. ஒரு வருசமாத்தான் ஏதோ வெலகூடுனது. புகைஞ்ச கட்ட மாரி இருக்கும். கிராம்பு மெல்லுவாவ, ஏலக்கா மெல்லுவாவ, பான்பராக்கு போட்டுப் பாத்தாவ. எதப் போட்டாலும் அதுக்கு அடில அது இருக்கும். கதவத் தொறக்கம்போதே எனக்குத் தெரிஞ்சிரும், இன்னைக்கு என்னது, எம்புட்டுன்னு.”

அனுப்ரியா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். புகைந்த கட்டை வாசனை. பீட் என்கிற கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்திச் செய்கிற வகை. அதைப் பிரித்தறிய வகுப்பில் அவளுக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“இத்தன வருஷமா ஒரு வார்த்த கேக்கலையேம்மா நீ?”

“கேட்டா என்ன சொல்லுவாவ? கணக்குப் பாத்தேம்பாவ.” தேவானை முறத்தை நகர்த்திவைத்தாள். “எனக்கு நாத்தம் மட்டுமா புடிக்காது? கதவத் தொறந்துக்கிட்டு ஒண்ணுந்தெரியாத மாரி நிக்கணும் பாரு, அது புடிக்காது. நீ மத்தியானம் அவிய மொகத்துக்கு நேரா அந்தப் பேரச் சொன்ன. சொல்லிட்டு அங்கனயே நின்ன. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நல்லாவும் இருந்துச்சு.”

அனுப்ரியா கட்டத்தைக் காட்டினாள். நிலைமையைச் சொன்னாள். ஏதோ ஒரு பெயர் வேண்டும், அப்பா பெயர் கூடாதாம். அடுத்து எதைக் கேட்பது என்று அவளுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

“ஒளிஞ்சு குடிச்சவிய பேரு வேண்டாம்னா, இத்தன வருசம் மோந்து பாத்தவ பேரப் போடு” என்றாள் தேவானை.

பரீட்சை ராதாகிருஷ்ணன் சாலையில் ஒரு ஹோட்டல் அரங்கில் நடந்தது. அன்று தலைக்கு எண்ணெய் கூடாது, பூ கூடாது, பவுடர்கூடக் கூடாது. மூக்குக்கு எதுவும் குறுக்கே வரக் கூடாது. தேவானை விபூதியை மட்டும் ஒரு கடுகளவு வைத்துவிட்டு, “இதுக்கு வாசம் கெடையாது” என்றாள்.

அரங்கில் முக்கால்வாசி ஆண்கள். பக்கத்து மேசையில் இருந்தவர் அனுப்ரியாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மேடம் ஒயின் எக்ஸாம் அடுத்த வாரம்” என்றார். “தெரியும். அதையும் எழுதலாம்னு இருக்கேன்” என்றாள். அவர் அதற்குப் பிறகு தன் கிளாஸ்களைக் கவனித்தார்.

ஆறு கிளாஸ்களில் நான்காவதில் எல்லோரும் தடுமாறினார்கள். முதலில் புகை வந்தது. புகை என்றால் ஸ்காட்லாந்துத் தீவு என்று எழுதிவிடக் கை துடிக்கும். அவளுக்கும் துடித்தது. மூக்கை எடுத்து, தன் சட்டைக் கையைக் கொஞ்ச நேரம் மோந்தாள். வாசனைகள் குழம்பிப்போனால் சொந்த வாசனைக்குத் திரும்பிவிட்டு வர வேண்டும் என்பது தொழில்முறை. மறுபடி கிளாஸுக்கு வந்தாள். எதைப் போட்டாலும் அதுக்கு அடியில் அது இருக்கும் என்று அம்மா சொன்னாளே. புகைக்கு அடியில் போய்ப் பார்த்தாள். கனிந்து வெடிக்கப்போகிற பழம் இருந்தது. குளிர்நாட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷம் தூங்கிய பீப்பாய் இல்லை. வெயில் சீக்கிரமாகப் பழுக்கவைத்த பீப்பாய். இந்தியாவில் வடித்தது, புகையூட்டிய பார்லி என்று எழுதினாள். பின்னால் சரிபார்த்தபோது அந்தக் கிளாஸைச் சரியாகச் சொன்னவர்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கினார்கள்.

மூன்றாவது பகுதிக்கு இரண்டு நடுவர்கள். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், மும்பைப் பெண்மணி ஒருவர். பீப்பாய், வடிகலன், வயது என்று வழக்கமாகக் கேட்டு முடித்துவிட்டு, ஸ்காட்லாந்துக்காரர் பேச்சுவாக்கில், “உங்கள் ஊரில் விஸ்கியை எப்படிக் குடிப்பார்கள்?” என்றார். சோடாவோடா, தண்ணீரோடா, ஐஸோடா என்று சொல்வாள் என எதிர்பார்த்திருப்பார்.

“ஒளிந்துகொண்டு” என்றாள் அனுப்ரியா.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“வேடிக்கைக்குச் சொல்லவில்லை. விஸ்கியில் பாதிக்குமேல் வாசனைதான் என்று நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள். எங்கள் ஊரில் அந்த வாசனைதான் எதிரி. அதுதான் காட்டிக்கொடுக்கும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார்கள். கோலாவை ஊற்றி அமுக்குவார்கள். கிராம்பை மென்று அழிப்பார்கள். எவ்வளவு விலையுள்ள பாட்டிலாக இருந்தாலும் அதை மோந்து பார்க்க அவர்களுக்கு நேரமோ தைரியமோ கிடையாது. மோந்து பார்ப்பவர்கள் வீட்டில் இருக்கும் பெண்கள். கதவைத் திறக்கும்போது. குடிப்பவருக்கு என்ன குடித்தோம் என்று தெரியாது, திறப்பவளுக்குத் தெரியும். எங்கள் ஊரில் விஸ்கியைப் பற்றிப் பேச வேண்டுமானால் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். வெளிச்சத்தில் வைத்து, அளவாக, மோந்து குடிக்கச் சொல்லுவேன். முடியாதென்றால் குடிக்காதே என்பேன்.”

ஸ்காட்லாந்துக்காரர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். மும்பைப் பெண்மணி எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். எழுதி முடித்ததும் எழுந்து கைகொடுத்தார். அது விதிமுறையில் கிடையாது.

முடிவு வந்தது. அனுப்ரியா தேறிவிட்டாள், அறிவும் தேறிவிட்டான். ஹோட்டல்காரர்கள் மறுபடி படத்தைப் போட்டார்கள். இந்தத் தடவை பெயர் சான்றிதழில் உள்ளபடியே இருந்தது: அனுப்ரியா தேவானை.

சிதம்பரநாதனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சங்கத்துப் பொருளாளர்தான் முதலில் போன் செய்தார். “என்ன அண்ணாச்சி, மகளுக்கு இன்ஷியல் மாறிட்டு? வீட்ல ஏதும் மனத்தாங்கலா?” என்றார் கரிசனமாக. அடுத்தவர், அண்ணாச்சி மகளைத் தலைமுழுகிவிட்டாராமே என்றார். மூன்றாமவர் கேட்ட கேள்வியில் சிதம்பரநாதனுக்கு வேறெங்கோ ஒரு குடும்பமே இருந்தது. விஸ்கியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பெயரைத்தான் மென்றார்கள். மனுஷன் ஆப்பசைத்த குரங்காக அகப்பட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “எம் பேரு எங்க?”

“நீங்கதானப்பா எடுக்கச் சொன்னீங்க.”

“எடுக்கத்தான் சொன்னேன். வேற பேரப் போடச் சொன்னேனா?”

“வேற பேரில்லப்பா. அம்மா பேரு.”

“ஊர்ல என்ன பேசுதான் தெரியுமாட்டி? அப்பன் பேரு தெரியாத பிள்ளையாங்கான்!”

“தெரியாம இல்லப்பா. அப்பன் வேண்டாம்னுட்டாரு. கேட்டா அப்படியே சொல்லுங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் தொங்கிவிட்டது. பெற்ற பெண் பெயரிலிருந்து தன் பெயர் போவதென்றால் என்னவென்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். குரல் இறங்கியது. பேரம் தொடங்கியது.

“சரி. போனது போவட்டும். ரெண்டு பேரும் இருக்கட்டும். முதல்ல எம் பேரு, பொறவு அவ பேரு. மாத்தி அடிச்சித் தரச் சொல்லு. என்ன ஆவுமோ நான் கட்டுதேன்.”

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. சின்ன வயதில் தீபாவளிக் கூட்டத்தில் தன்னைக் கல்லாப்பெட்டிமேல் உட்காரவைத்து வியாபாரம் பார்த்த மனுஷன். சரியென்று சொல்லிவிடலாம்போல இருந்தது. ஆனால் பாவம் வேறு, பெயர் வேறு. வேண்டாதபோது கழிக்கிற பெயரை வேண்டும்போது ஒட்டிக்கொள்ள அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

அவள் பதில் சொல்வதற்குள் தேவானை தட்டைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தாள்.

“பேரம் முடிஞ்சிட்டு” என்றாள். “கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது.”

சிதம்பரநாதன் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

சான்றிதழ் வழங்குவது அதே ராதாகிருஷ்ணன் சாலை அரங்கில். ஆளுக்கு ஒருவரை அழைத்துவரலாம் என்றார்கள். அனுப்ரியா அம்மாவைக் கூப்பிட்டபோது தேவானை முதலில் வரமாட்டேன் என்றாள். அங்கே அந்த நாற்றம் அடிக்குமே என்றாள். பிறகு அவளாகவே பீரோவைத் திறந்து அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து உதறினாள். அப்பா காரைத் தரவில்லை, இவர்களும் கேட்கவில்லை. பாண்டி பஜார் முனையில் ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

அரங்கின் குளிரில் தேவானை முந்தானையைப் போர்த்திக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பட்டினப்பாக்கத்திலிருந்து அறிவின் அம்மா தன் ஆட்கள் நாலு பேரோடு வந்து, ஒருவர்தான் என்ற விதியை வாசலிலேயே தோற்கடித்து, முன்வரிசையைப் பிடித்திருந்தாள். மேடையில் பெயர் வாசித்தவர் வேறொரு மும்பைக்காரர். அவர்கள் ஊர் வழக்கப்படி எல்லோரையும் கடைசிப் பெயரால்தான் கூப்பிட்டார். “மிஸ்டர் முனுசாமி” என்றார். அறிவு எழுந்து போனான். முனுசாமி அவன் அப்பா பெயர். “உங்க நைனாவ இத்தினி மரியாதையா எவனும் கூப்ட்டதில்லடா!” என்று அவன் அம்மா கத்தியது அரங்கம் முழுக்கக் கேட்டது.

அனுப்ரியா சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்தது தான் என்பதைக்கூட மறந்துவிட்டாள்.

“மிஸ் தேவானை.”

தேவானை எழுந்து நின்றாள்.

யோசித்து எழுந்ததில்லை. அவளை இதுவரை எந்த மேடையிலிருந்தும் யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டில் அவள் “ஏளா”. கடையில் “அண்ணாச்சி வீட்டம்மா”. கல்யாணப் பத்திரிகையில் கணவர் பெயருக்குக் கீழே. கூப்பிட்ட குரலுக்கு உடனே எழுந்து போய்ப் பழகிய உடம்பு எழுந்துவிட்டது. “ஆமா, நாந்தான்” என்றும் சொல்லிவிட்டாள்.

நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். தேவானைக்கு அப்போதுதான் புரிந்தது. முகமெல்லாம் வெளிறி, முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போனாள். அனுப்ரியா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

“உக்காராதம்மா.”

“எனக்கில்லட்டி, உனக்குல்லா கூப்புடுதாவ.”

“உன் பேரத்தான் கூப்பிட்டாங்க. வா.”

“ஐயோ, விடுட்டி, எல்லாரும் பாக்காவ.”

“பாக்கட்டும்.”

பிடியை விடவில்லை. இருவரும் நடந்தார்கள். மேடைப் படியில் தேவானை ஒரு கணம் தயங்கினாள், பிறகு மகளுக்கு முன்னால் ஏறினாள். சான்றிதழை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரருக்கு யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை. அனுப்ரியா அம்மாவைக் காட்டினாள். அவர் குனிந்து தேவானையிடம் கொடுத்தார். மும்பைக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிரித்தபடி மைக்கை நீட்டி, ஒரு வார்த்தை பேசச் சொன்னார்.

தேவானை மைக்கைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கையிலிருந்த தாளில் தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுக்கொண்டாள். ஆங்கில எழுத்துதான், ஆனாலும் தன் பெயர் அவளுக்கு வாசிக்கத் தெரிந்தது.

“எம் பேரு தேவானை” என்றாள். “இவ எம் மவ. கேட்டப்ப இவ எதையும் ஒளிக்கல.”

முன்வரிசையில் அறிவின் அம்மா விசில் அடித்தாள். அரங்கம் கைதட்டியது. மும்பைக்காரர் மைக்குக்காகக் கை நீட்டினார். தேவானை கொடுக்கவில்லை. சத்தம் அடங்கட்டும் என்று நின்றாள். பின்வரிசைக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று, பெயரை மட்டும் இன்னொரு தடவை சொன்னாள்.